பிள்ளைக் காம்பராவுக்கு நான் போட்ட கண்ணாடி

ஒரு மனிதனை முழு முட்டாளாக்க மூன்று மாதப் படிப்பு போதும். ஒன்றுமே படிக்காதவன் நாலு பேரைக் கேட்டு நடப்பான். நிறையப் படித்தவன் கொஞ்சம் தயங்குவான். மூன்று மாதம் படித்துச் சான்றிதழும் வாங்கியவன் இருக்கிறானே, அவன் யாரையும் கேட்கவும் மாட்டான், தயங்கவும் மாட்டான். இருபத்துநாலு வயதில் நான் அந்த ரகம். (இப்போது என்ன ரகம் என்று என் தங்கச்சியிடம் கேட்டுவிடாதீர்கள்.)

அப்போது பெல்மதுளையில் கட்டட வரைபடம் போடும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மாலை வகுப்பொன்றில் சேர்ந்து, கட்டடங்களுக்குள் வெயில் சூடு வராமல் தடுப்பது எப்படி என்று படித்தேன். அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை. சேர்ட் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானி குடியேறியது. யார் வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "உங்க ஜன்னல் மேற்குப் பாத்து இருக்குங்க, ரொம்பத் தப்புங்க" என்பேன். கொஞ்ச நாளில் தேத்தண்ணி கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கஹவத்தைக்குப் பக்கத்தில். தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்போம். எங்களுடையது தகரக் கூரை. பத்து மணிக்கெல்லாம் உள்ளே இட்லி அவிக்கலாம். என் தங்கச்சி செல்வியின் மகன் கவினுக்கு அப்போது ஒன்பது மாதம். காலையில் பவுடர் போட்டு அனுப்பினால், சாயங்காலம் கழுத்தும் முதுகும் வேர்க்குருவாகத் திரும்பி வருவான். பகலில் பொட்டுத் தூக்கம் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் சிணுங்கல்தான்.

"அண்ணே, நீ என்னமோ வெயில் படிப்புப் படிச்சியே, இந்தப் புள்ள தூங்குற மாதிரி ஒரு வழி பண்ணேன்" என்றாள் செல்வி ஒரு நாள்.

அந்தப் பிள்ளை என்றால் எனக்கு உயிர். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் புதிய பிள்ளைக் காம்பரா எழும்பிக்கொண்டிருந்தது. நல்ல கூரை, மேலே காற்று வர வலை போட்ட திறப்பு எல்லாம் இருந்தது. ஆனால் பாதைப் பக்கமாக, கிழக்கே பார்த்து நாலு பெரிய ஜன்னல். காலை வெயில் நேரே உள்ளே விழும். கண்ணாடி விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நலன்புரிச் சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் போட்டிக்கு வரவில்லை.

பெல்மதுளைக் கண்ணாடிக் கடை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) மூன்று துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். முதலாவது சாதாரணம். இரண்டாவது பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் மெல்லிய பூச்சு ஒன்று சூட்டைக் கொஞ்சம் தடுக்கும். மூன்றாவது வெள்ளி மாதிரிப் பளபளவென்று, வெயிலை வந்த வழியே திருப்பி அனுப்பும் கண்ணாடி.

"சூடு உள்ள வாறது எதுல ஆகக் குறைவு நானா?"

"இந்தப் பளபளப்புலதான். ஆனா தம்பி, இது பெரிய கடைகளுக்குப் போடுறது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நடுவுல உள்ளது போதும்தானே?"

"நானா, நான் இதைப் படிச்சவன்" என்றேன். (ஆமாம், அப்படியே சொன்னேன். இன்றைக்கும் குளிக்கும்போது இது ஞாபகம் வந்தால் தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்வேன்.)

நானா அளவுக் குறிப்பை வாங்கிக்கொண்டார். "அளவுக்கு வெட்டின பிறகு திருப்பி எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன், சரியா?" என்று மட்டும் கேட்டார்.

தாய்மாருக்கு விளக்கம் கொடுக்காமல் விடுவேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணித் தாங்கியின் மேல் இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை வெயிலில் வைத்தேன். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு சொக்லட். ஒன்றைச் சாதாரணக் கண்ணாடியாலும் மற்றதை என் வெள்ளிக் கண்ணாடியாலும் மூடினேன். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் முதலாவது பெட்டியில் குழம்பு, இரண்டாவதில் முழுச் சொக்லட். கூட்டம் வாயைப் பிளந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது மகாலெட்சுமி அக்கா மட்டும் கையைத் தூக்கினார். மூன்று பிள்ளைகளை அந்தக் காம்பராவில் வளர்த்து, நாலாவதை விட்டிருப்பவர். ஆள் குள்ளம், வாய் நீளம்.

"ஏன் தம்பி, வெளிய நின்னு பாத்தா உள்ள தெரியுமா?"

"தெரியவே தெரியாதுக்கா! அதுதானே இதோட விசேஷமே!" என்றேன் பெருமையாக. அவர் எதுவோ கேட்க வாயெடுத்தார். நான் அதற்குள் முழுச் சொக்லட்டைத் துண்டு போட்டுப் பங்கு கொடுக்கத் தொடங்கிவிட்டேன்.

கண்ணாடி பொருத்த வந்த சுனில் பாஸ் வேலையை முடித்துவிட்டு அதன் முன்னால் நின்று, சீப்பெடுத்துத் தலைசீவி, "ஹரி லஸ்ஸனய்!" என்றார். சிங்களத்தில், ரொம்ப அழகாம். கண்ணாடியைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொழுந்து நிறுக்க மடுவத்துக்கு வரும் தாய்மார் பிள்ளைக் காம்பராவைத் தாண்டித்தான் வருவார்கள். பால் கொடுப்பவர்கள் அதற்குரிய நேரத்தில் உள்ளே போவார்கள். மற்ற நேரங்களில் யாரும் போவதில்லை. பிள்ளை தாயைக் கண்டால் சேலையைப் பிடித்துத் தொங்கிவிடும், கங்காணி சத்தம் போடுவார். அதனால் ஜன்னல் ஓரமாகச் சுவரோடு ஒட்டி நின்று, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை விளையாடுகிறதா, தூங்குகிறதா, மூக்குத் துடைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை. அந்தத் தெம்பில் திரும்ப மலை ஏறுவார்கள். என் அம்மாவும் என்னை அப்படித்தான் பார்த்திருப்பார். லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. சான்றிதழ் வந்ததும் மறந்துபோனது, அதுதான் வெட்கம்.

திறப்பு விழா நாள் வந்தது. தோட்டத்து மேனேஜர், எங்கள் பேச்சில் பெரிய தொரை, ரிப்பன் வெட்டினார். உள்ளே உண்மையாகவே ஜில்லென்று இருந்தது. பதினாலு பிள்ளைகளும் பாயில் உருண்டு விளையாடின. காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா அக்கா கூட, "பரவாயில்லயே தம்பி" என்றார். (அவர் வாயில் அதுதான் ஆகப் பெரிய பாராட்டு.) நான் வாசல் கதவடியில் தொரையை நிறுத்தி, வெப்பமானியைக் காட்டி, "பாருங்க சேர், வெளியைவிட நாலு டிகிரி குறைவு" என்று ஆரம்பித்தேன்.

ஒன்பதரை மணிக்குக் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். வழக்கம்போல் ஜன்னலோரம் எட்டிப் பார்த்தால் உள்ளே பிள்ளை இல்லை, எதிரே தன் முகம்தான் இருந்தது. ஆளுயரக் கண்ணாடி எங்கள் லயத்தில் யார் வீட்டில் இருந்தது? முதலில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோருமாக ஜன்னலுக்கு நேர் முன்னால் வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். ஒருத்தி தலைத்துணியைச் சரி செய்தாள், ஒருத்தி மூக்குத்தியைத் திருகிப் பார்த்தாள். மகாலெட்சுமி அக்கா பல்லைக் காட்டிச் சோதித்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு செல்வி அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

வெளியிலிருந்து உள்ளே தெரியாது. உள்ளேயிருந்து வெளியே? தொலைக்காட்சி மாதிரித் தெரியும்.

இத்தனை நாளும் ஒற்றைக் கண்ணைக்கூடக் காட்டாத அம்மாமார், தலை முதல் கால் வரை முழுசாக, வெயில் வெளிச்சத்தில், சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினாலு பிள்ளைகளும் ஒரு கணம் வாயடைத்துப்போய்ப் பார்த்தன. நான் அந்த அமைதியை என் விளக்கத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன்.

பிறகு கவின்தான் தொடங்கினான். "ம்ம்ம்மா!"

அதோடு பதினாலும் சேர்ந்துகொண்டன. அப்படியொரு அழுகையை நான் சாவு வீட்டில்கூடக் கேட்டதில்லை. தவழ்ந்தவை ஜன்னலுக்குத் தவழ்ந்தன, நடந்தவை கண்ணாடியில் போய் முட்டின. வெளியே நின்றவர்களுக்கு மேல் திறப்பு வழியாகச் சத்தம் மட்டும் கேட்கிறது. பார்த்தால் தங்கள் பயந்த முகங்கள்தான் தெரிகின்றன. வேறு என்ன நினைப்பார்கள், பாவம்?

"அடி ஆத்தே! உள்ள பாம்பு பூந்துருச்சு!" என்று மகாலெட்சுமி அக்கா போட்ட கூச்சல் பக்கத்து மலைக்கே கேட்டிருக்கும்.

கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. அதன் பின்னால் நானும் தொரையும். படீரென்று திறந்ததில் தொரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வெப்பமானி மேலே. பன்னிரண்டு பெண்கள் கூடையோடு எங்கள்மேல் ஏறிப் போனார்கள். என் வெள்ளைச் சேர்ட் முழுக்கக் கொழுந்து. ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "எங்கடி பாம்பு? எங்கடி பாம்பு?" என்று ஓடினார்கள். இல்லாத பாம்பை அடிக்க இரண்டு பேர் விளக்குமாறு தேடினார்கள்.

விஷயம் விளங்கி ஓய்ந்தபோது பத்தரை மணி. கையில் ஏறிய பிள்ளை ஒன்றாவது இறங்க வேண்டுமே! மடுவத்தில் கங்காணி தராசோடு தனியாக நின்று கத்திக்கொண்டிருந்தார். தொரை காற்சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, "நல்ல கண்ணாடிதான் தம்பி. இப்ப மலையில ஆள் இல்ல, அது ஒண்ணுதான் குறை" என்றார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

மகாலெட்சுமி அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "தம்பி, நாளையில இருந்து எம் புள்ளய பழைய காம்பராவுலயே விடுறேன். சூடா இருந்தாலும் பரவாயில்ல, கண்ணால பாத்துட்டுப் போவேன்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வியும்தான்.

"கோவிச்சுக்காதண்ணே, எட்டிப் பாக்காம எனக்கு மலையில கை ஓடாது" என்றாள், கவினின் வேர்க்குருவைத் தடவிக்கொண்டே. அது வலித்தது. திரும்பவும் அந்தத் தகரத்துக்கு அடியில் அந்தப் பிள்ளை போகப்போகிறான், காரணம் நான். படித்த படிப்பைச் சுருட்டி அடுப்பில் வைக்கலாம் போலிருந்தது.

அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைப் புதிய இடத்தில் விட்டுவிட்டு மத்தியானம் எப்படியோ வேலைக்குப் போனார்கள். நான் வீட்டுக்குப் போக முகமில்லாமல் வெளியே கூரை ஓரத்தில் குந்தியிருந்தேன். இரண்டு மணிக்கு இரத்தினபுரிப் பக்கத்து மழை தன் வழக்கப்படி வந்தது. வானம் கறுத்து, ஊர் இருண்டு, மலையிலிருந்த பெண்கள் ஒதுங்க ஓடி வந்தார்கள். உள்ளே சரோஜா அக்கா விளக்கைப் போட்டார்.

நான் தற்செயலாகத் திரும்பினேன். ஜன்னலில் என் மூஞ்சியைக் காணவில்லை. உள்ளே பாய், தொட்டில், சரோஜா அக்கா, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

வெளிச்சம் எந்தப் பக்கம் கூடவோ, அந்தப் பக்கம் நிற்பவருக்குத்தான் அது முகம் பார்க்கும் கண்ணாடி. மற்றப் பக்கம் இருப்பவருக்கு வெறும் ஜன்னல். இது எங்கள் வகுப்பில் ஐந்தாவது பாடம். அன்றைக்கு நான் பின்வரிசையில் தூங்கியிருந்தேன்.

"செல்வி, இங்க வா! சீக்கிரம்!"

அவள் நனைந்தபடி வந்து மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். பெரிய பிள்ளைகள் உள்ளேயிருந்து தங்கள் பிம்பத்துக்கு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. எங்களை ஒன்றுக்கும் தெரியவில்லை. கவின் விரல் சூப்பியபடி மல்லாந்து கிடந்தான், ஆழ்ந்த தூக்கம். காலையில் கதறிய கதறலின் அசதியும் இருந்திருக்கலாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"வேர்க்கவே இல்லண்ணே" என்றாள் செல்வி. அவள் அழுதுவிட்டாள். நானும்தான், மழை இருந்ததால் பிழைத்தேன்.

அதற்குள் எல்லா அம்மாமாரும் வந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். மகாலெட்சுமி அக்கா ஆற அமரப் பார்த்துவிட்டு, "அப்ப மழை பெஞ்சா புள்ளையப் பாக்கலாம், வெயில் அடிச்சா எங்க மூஞ்சியப் பாத்துக்கணும். அப்படித்தானே தம்பி?" என்றார். சிரிப்பில் மழைச் சத்தமே அமுங்கியது. ஆனால் பழைய காம்பராப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. இந்த வெயில் நேரத்துக்கு மட்டும் ஒரு வழி பண்ணு என்றார்கள்.

இந்த முறை நான் கேட்டு நடந்தேன். ஜன்னலின் எந்த உயரத்தில் கண் வரும் என்று ஒவ்வொருவரையும் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். அந்த உயரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் வெள்ளிக் கண்ணாடியை எடுத்துவிட்டு, நானா சொன்ன அந்த நடுக் கண்ணாடி. அதற்குக் கீழே முழுக்க, பிள்ளைகளுக்கு அம்மா தெரியாதபடி, உள்பக்கமாகச் சரோஜா அக்காவின் பழைய சேலைத் துணி. எட்டிப் பார்க்கும் கண் மட்டும் மேலே. மகாலெட்சுமி அக்காவுக்கு எட்டவில்லை என்பதால் வெளியே ஒரு கல் போட்டோம். நான் கடைக்குப் போனபோது நானா அளவு நாடாவைத் தயாராக வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வேர்க்குரு இரண்டு வாரத்தில் மறைந்தது. இன்றைக்கும் அந்தக் காம்பராவில் பிள்ளைகள் பகலில் தூங்குகின்றன. நினைத்தால் மனம் நிறைகிறது.

கவின் இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் பள்ளிக்கூடத்தில் ‘எனது மாமா’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். ஒன்பது மாதத்தில் நடந்தது அவனுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்லாத தீபாவளி கிடையாது, அதுதான் காரணம். அவன் எழுதியது இது: "எனது மாமா படித்தவர். அவர் எங்களுக்குக் கண்ணாடி போட்டார். நாங்கள் எல்லோரும் அழுதோம். பிறகு தூங்கினோம்."

டீச்சர் பத்துக்குப் பத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்திருந்தார். செல்வி அதைக் கஹவத்தைக்குக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு வாசலுக்கு நேரே மாட்டிவைத்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லோரும் வாசித்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். சட்டம் இருக்கிறது, முன்னால் கண்ணாடி இல்லையே என்று கேட்டேன்.

"கடைக்காரர் போட்டுத் தாறேன்னுதான் சொன்னாரு. எங்க அண்ணன் வந்து பாத்து முடிவு சொல்லட்டுங்க, இப்ப அவசரமில்லன்னு சொல்லிட்டேன்" என்றாள்.