மூன்றாவது ஏழு

கிட்ட வந்து உட்காருங்கள். துப்பாக்கிக் கதைதான், ஆனால் பயப்பட வேண்டாம். கடைசிவரை ஒரு தோட்டாகூட வெடிக்காது. வெடிக்காததுதான் கதையே.

ஒரு துப்பாக்கித் தொழிற்சாலை. துப்பாக்கி செய்ய அங்கே நூறு பேர். அதற்கு எண் வைக்க ஒரே ஒரு அதிகாரி. எல்லாரும் அவரை எண்ணய்யா என்பார்கள். ஏழாம் எண் வேட்டைத் துப்பாக்கி ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்டது. பிறகு அதைச் செய்வதை நிறுத்தினார்கள். எண் காலியானது. அடுத்து ஒரு கைத்துப்பாக்கி வந்தது.

"முறைப்படி முப்பத்தெட்டு," என்றார் எண்ணய்யா.

"முப்பத்தெட்டை யாருக்கய்யா தெரியும்? ஏழுன்னா கண்ணை மூடிட்டு வாங்குவாங்க," என்றார் மேனேஜர்.

ஆகவே கைத்துப்பாக்கியும் ஏழு. அதுவும் நின்றது. அப்புறம் ஓட்டப்பந்தயம் தொடங்கி வைக்கிற சத்தத் துப்பாக்கி. அதுவும் ஏழேதான்.

இதில் மாட்டிக்கொண்டு முழித்தவள் உதிரிபாகக் கிடங்கு அக்கா. பழைய துப்பாக்கிக்காரர்களும் ஸ்பிரிங் கேட்டு எழுதுவார்களே! "ஏழுக்கு ஸ்பிரிங் ஒன்று" என்று சீட்டு வரும். "எந்த ஏழு?" என்று அக்கா திருப்பி எழுதினாள். மறுநாளே சுற்றறிக்கை வந்தது: "ஒரே எண் என்றால் ஒரே துப்பாக்கி. எது என வினவுவது நிறுவனத்தின் மாண்புக்கு ஊறு விளைவிப்பதாகக் கருதப்படும்."

அக்கா வாயை மூடிக்கொண்டு, கைக்கு வந்த ஸ்பிரிங்கை அனுப்பினாள்.

ஒரு பெரிய விளையாட்டு விழா. எட்டு ஓட்டக்காரர்கள் குனிந்து நின்றார்கள். அக்கா அனுப்பிய ஸ்பிரிங்கை மாட்டிய சத்தத் துப்பாக்கி வெடிக்கவில்லை. வெடித்தால்தான் ஓடலாம் என்று ஒரு விதி; அதற்குள் நிமிர்ந்தால் தகுதி நீக்கம் என்று இன்னொரு விதி. முக்கால் மணி நேரம் அப்படியே இருந்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் இடுப்பு நிமிரவில்லை என்று கேள்வி.

அக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இவள் வேலை போனால் அடுப்பு எரியாது. போய் நின்றாள்.

"ஏம்மா, வேட்டைத் துப்பாக்கி ஸ்பிரிங்கை அனுப்பியிருக்கே?" என்றார் மேனேஜர்.

"ஏழுக்குத்தானேய்யா அனுப்பினேன்."

"எந்த ஏழுன்னு கேட்க வேண்டாமா?"

"கேட்டா மாண்பு போயிடும்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

மேனேஜர் உத்தரவை நீட்டினார்: "பணியாளர் எண் நாற்பத்தொன்று இன்று மாலை முதல் பணிநீக்கம்."

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள்.

"ஐயா, நீங்க கிடங்குல வேலை பார்த்தப்போ உங்க எண் என்னங்க?"

"நாற்பத்தொண்ணு. அதுக்கென்ன?"

"நீங்க மேலே போனதும் அது யாருக்குப் போச்சு?"

பதிவேட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எண்ணய்யா தலையைத் தூக்கினார். "எனக்கு."

"அப்புறம் எனக்கு. அதிகாரியானாலும் வேற எண் கிடையாது, பழசேதான். அப்ப இதுல எந்த நாற்பத்தொண்ணு?"

"உன்னைத்தான்மா!" மேனேஜர் மேசையைக் குத்தினார்.

"அப்படிப் பிரிக்க முடியாதுங்க," என்றார் எண்ணய்யா, அழாத குறையாக. "ஒரே எண்ணுன்னா ஒரே ஆள். மூணு பேரும் போக வேண்டியதுதான்."

மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. "இவளுக்கு வேற எண் கொடுத்துடுங்க. அதுல புது உத்தரவு அடிச்சுக்கலாம்."

பதிவேட்டைப் புரட்டினார்கள். விதிப்படி பணியாளருக்குப் புது எண் கொடுக்க வழியில்லை. காலியான பழைய எண்தான் கொடுக்கலாம். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. போன மாதம் காலமான முதலாளியின் எண்.

"கொடுத்துத் தொலையுங்க!"

அக்கா ஒன்றாம் எண் பித்தளை வில்லையை வாங்கித் தோளில் குத்திக்கொண்டாள். பழைய உத்தரவு ரத்தாகாமல் மேசையிலேயே கிடந்தது. அதை எடுத்து, அடியில் "பார்த்தேன். உடனே நிறைவேற்றவும். எண் ஒன்று" என்று கையெழுத்துப் போட்டாள். நேரே வாசலுக்குப் போய், முதலாளி வில்லையைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்த காவலரிடம் கொடுத்தாள்.

"நாற்பத்தொண்ணு ரெண்டு பேரா வருவாங்க தம்பி. ஒரே கேட் பாஸ்ல அனுப்பிடு."