ஒரு மாலை, ரெண்டு கழுத்து

புதன்கிழமை காலையில எங்க தேயிலைத் தோட்டத்து மேனேஜர் தொரை எனக்குக் குடுத்த வேல ரொம்பச் சின்னது. ரெண்டு பேர்கிட்ட ஒரு செய்திய சொல்லணும். அவ்வளவுதான்.

"வெள்ளிக்கிழமை கொழும்புல இருந்து டீ வாங்குற ஆளுங்க ரெண்டு பேர் வர்றாங்க. நாளைக்கு கீழ் மலையில நல்ல கொழுந்தா எடுத்து, தனியா அரைச்சு, தனியா டீ செஞ்சு வைக்கணும். கண்டக்டர்கிட்டயும் டீ மேக்கர்கிட்டயும் சொல்லிடுங்க மிஸ். இத ஒழுங்கா முடிச்சா உங்க பர்மனன்ட் விஷயத்த நான் முடிச்சுத் தர்றேன்."

கடைசி வரிய கவனிச்சீங்களா? தெரணியகலை பக்கம் இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல நான் இன்னும் டெம்பரரி கிளாக்கர். எப்ப வேணும்னாலும் "நாளையில இருந்து வரவேணாம்"னு சொல்லலாம். வீட்டுல அம்மா "சாப்பிட்டியா"ன்னு கூட கேக்குறதில்ல. "பர்மனன்ட் ஆயிருச்சா"ன்னுதான் கேக்குறாங்க.

சரி, ரெண்டு பேர்கிட்ட பேசுறதுல என்ன கஷ்டம்?

அந்த ரெண்டு பேரும் யாருன்னு சொல்றேன். அப்புறம் நீங்களே சொல்லுங்க.

டீ மேக்கர் ஐயா ஃபெக்டரிக்குப் பொறுப்பு. காலம் முழுக்க மெஷின் சத்தத்துல வேல செஞ்சவரு. அதனால "குட் மார்னிங்"கே கத்தித்தான் சொல்லுவாரு. பதில் சொல்லாட்டி இன்னொரு தடவ கத்துவாரு.

கண்டக்டர் ஐயா மலைக்குப் பொறுப்பு. பஸ் கண்டக்டர் இல்லீங்க, கொழுந்து எடுக்குற வேலையெல்லாம் பார்க்குறவரு. அவரு கத்தவே மாட்டாரு. "இல்ல"ன்னு சொல்லமாட்டாரு, "ஆமா"ன்னும் சொல்லமாட்டாரு. எது கேட்டாலும் "பார்ப்போம் மிஸ்." அவரு பார்த்து முடிச்சதா சரித்திரமே இல்ல.

இதுல ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது! கோயில் திருவிழாவுல மைக்ல பேர் கூப்பிட்டு மாலை போட்டாங்க. கண்டக்டர் ஐயாவ மொதல்ல கூப்பிட்டுட்டாங்க. டீ மேக்கர் ஐயா ரெண்டாவது. அன்னையோட சரி, பேச்சு நின்னுபோச்சு. கொழுந்து நல்லா இல்லைன்னா, லொறியில இருந்து இறக்குன சாக்கப் பார்த்துத்தான் டீ மேக்கர் ஐயா திட்டுவாரு.

எனக்குப் பயம் இல்ல. ஏன்னா நான் போன மாசம்தான் ரத்தினபுரியில ஒரு பயிற்சிக்குப் போயிட்டு வந்தேன். "கஷ்டமான ஆளுங்களோட வேல செய்யிறது எப்பிடி?" டை கட்டுன வாத்தியாரு ஒருத்தர், 'சேர்'னுதான் கூப்பிடணும், ஆளுங்க வகைக்கு ஒண்ணா மாடு படம், நத்தை படமெல்லாம் போட்டுக் காட்டினாரு. பகல் சாப்பாட்டுக்கு சிக்கன் ஃப்ரைட் ரைஸ். எல்லாம் தெரிஞ்ச மாதிரியே திரும்பி வந்தேன்.

அந்த சேர் சொன்னது: "எதிர்ல இருக்குறவரு எப்பிடிப் பேசுறாரோ, நீங்களும் அதே மாதிரி பேசுங்க. அவருக்கு உங்களப் பிடிச்சுப் போகும்."

நேரா ஃபெக்டரிக்குப் போனேன். ரோலர் எல்லாம் ஓடுது. டீ மேக்கர் ஐயா கத்துறாரு, "என்ன பிள்ள?"

நானும் கத்தினேன். "தனியா டீ செய்யணுமாம்!"

"யாருக்கு?"

"கொழும்பு ஆளுங்களுக்கு!"

"யாரு கொழுந்து தர்றது?"

"கண்டக்டர் ஐயா!"

அவரு மூஞ்சத் திருப்பிக்கிட்டாரு. நான் விடல. நெஞ்சு நிறைய காத்த இழுத்து, முழு சத்தமா ஒண்ணு போட்டேன்.

சரியா அந்த நேரத்துல கரண்ட் போயிருச்சு.

மெஷின் எல்லாம் நின்னுருச்சு. ஃபெக்டரி முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள்ள என் குரல் மட்டும் கூரையில பட்டு எதிரொலிக்குது. "எனக்கு இப்பவே பதில் வேணும் ஐயா!!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்க்குறாங்க. டீ மேக்கர் ஐயா வாழ்க்கையிலயே மொத தடவையா மெதுவாப் பேசினாரு. "யாருகிட்ட கத்துற பிள்ள?"

அவரு கத்தினா கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"அந்தாளு இங்க வந்து, என் மொகத்தப் பார்த்து, 'ஐயா, செஞ்சு குடுங்க'ன்னு கேக்கட்டும். அப்ப செய்யிறேன். ஹரித, சரியா?"

ஹரி, சரி. மலைக்கு ஏறினேன். மூச்சு வாங்குது, அட்ட கடிக்குது. இந்தத் தடவ அந்த சேர் சொன்ன வேற முறை. "மொதல்ல பாராட்டுங்க, அப்புறம் கேளுங்க."

"ஐயா, உங்க மலை மாதிரி சுத்தமான மலைய நான் எங்கயும் பார்த்ததில்ல."

தப்பு! பெரிய தப்பு! கண்டக்டர் ஐயா மண்வெட்டிய ஊணி நின்னுக்கிட்டு ஆரம்பிச்சாரு. அவரு சின்ன வயசுல அரநாயக்க பக்கம் வேல செஞ்ச கதை. அங்க இருந்த வெள்ள முடி தொரை அவரப் பாராட்டுன கதை. மழை பிடிச்சிருச்சு. கதை நிக்கல. என் குடைக்குள்ளயே வந்து நின்னு மிச்சத்தையும் சொன்னாரு.

"ஐயா, நாளைக்குக் கொழுந்து…"

"பார்ப்போம் மிஸ். மொதல்ல அவரு வந்து என்கிட்ட கேக்கட்டும்."

நனைஞ்ச கோழி மாதிரி நின்னேன். அவரு வந்து கேட்டாத்தான் இவரு செய்வாரு, இவரு வந்து கேட்டாத்தான் அவரு செய்வாரு. நடுவுல என் வேல ஆத்தோட போகுது. அந்த சேர் சொல்லித் தந்ததெல்லாம் தீந்துபோச்சு. மிச்சம் இருந்தது என் சொந்த மூளை மட்டும்தான். அதத்தான் நான் பாவிச்சிருக்கக் கூடாது.

"ஐயா," வாய் தானா பேசுது, "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை வர்ற ஆளுங்க முன்னால, டீ மேக்கர் ஐயா தன் கையால உங்களுக்கு மாலை போடப்போறாராம்."

மனுஷனுக்குக் கண்ணு கூட கொஞ்சம் கலங்கிருச்சு. "அவரா? எனக்கா?"

கீழ இறங்கி ஓடினேன். டீ மேக்கர் ஐயாகிட்டயும் அதே கதை. பேர மட்டும் மாத்திப் போட்டேன்.

"அப்பிடியா சொன்னான்?" கத்தல! "நல்ல மனுஷன்தான் பிள்ள. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வியாழக்கிழமை கொழுந்து வந்துச்சு பாருங்க, அப்பிடி ஒரு கொழுந்து! ராத்திரி முழுக்க டீ மேக்கர் ஐயா தூங்கல. வெள்ளிக்கிழமை காலையில டீ ரெடி. நான் பர்மனன்ட் ஆன மாதிரியே மிதந்துக்கிட்டு இருந்தேன்.

அப்ப கொழும்பு வாகனம் வந்து நின்னுச்சு. ஒரு மிஸ், ஒரு சேர். தொரை வரவேற்று ஃபெக்டரிக்குள்ள கூட்டிட்டு வர்றாரு.

கண்டக்டர் ஐயா வந்தாரு. வெள்ள சட்ட, தலைக்கு எண்ணெய், நெத்தியில சந்தனம். டீ மேக்கர் ஐயாவும் வந்தாரு. அதே வெள்ள சட்ட, அதே எண்ணெய், அதே சந்தனம்.

ரெண்டு பேரும் எதிரும் புதிருமா நின்னு சிரிச்சாங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தலையக் குனிஞ்சாங்க.

குனிஞ்சாங்க, குனிஞ்சே நின்னாங்க. ரெண்டு கழுத்தும் மாலைக்குக் காத்திருக்கு. ரெண்டு பேர் கையிலயும் ஒண்ணும் இல்ல.

கொழும்பு மிஸ் மெதுவா தொரைகிட்ட கேக்குறாங்க. "இவங்களுக்கு ஏதும் கழுத்து வலியா?"

தொரை என்னப் பார்த்தாரு. நான் சுவரப் பார்த்தேன். சுவத்துல பிள்ளையார் படம். படத்துல ஒரு பிளாஸ்டிக் மாலை, டீத்தூசி படிஞ்சு கருத்துப் போயிருந்துச்சு. பிள்ளையாரே மன்னிச்சுக்கங்கன்னு அத இழுத்து எடுத்துட்டேன். எடுத்த பிறகுதான் புரிஞ்சுச்சு. மாலை ஒண்ணு, கழுத்து ரெண்டு. யாருக்குப் போட்டாலும் மத்தவரு இந்த ஜென்மத்துல விடமாட்டாரு!

கொழும்பு சேர் கழுத்துல போட்டுட்டேன்.

அந்த மனுஷன் தும்ம ஆரம்பிச்சாரு. டீ ருசி பார்க்க வாய்கிட்ட கொண்டுபோவாரு, தும்முவாரு. கப்பு பாதி சட்டையில. நல்ல வேளை, அந்த மிஸ் குடிச்சுப் பார்த்து "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. டீ தப்பிச்சுச்சு. நான் தப்பிக்கல.

பின்னால ரெண்டு பேரும் பேசுறது கேக்குது. திருவிழாவுக்கு அப்புறம் மொத பேச்சு.

"நீங்க மாலை போடுறேன்னு சொன்னீங்களாமே?"

"நானா? நீங்கதான்னு சொன்னாங்க!"

"யாரு சொன்னது?"

ரெண்டு தலையும் ஒண்ணா என் பக்கம் திரும்புச்சு.

அன்னையில இருந்து ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உக்காந்து டீ குடிக்கிறாங்க. என்னப் பத்தி மணிக்கணக்கா பேசுறாங்க. நான் அந்தப் பக்கம் போனா ஒண்ணா எழும்பிப் போயிடுறாங்க. கொழுந்து நேரத்துக்கு வருது, சாக்குக்குத் திட்டு விழுறதில்ல.

திங்கக்கிழமை தொரை கூப்பிட்டாரு. வேல போச்சுன்னு நினைச்சு அழுகைய அடக்கிக்கிட்டுப் போனேன்.

"உங்கள பர்மனன்ட் பண்ணிட்டேன் மிஸ்," அப்பிடின்னாரு. "அவங்க ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கணும்னா, அவங்க சேர்ந்து திட்டுறதுக்கு இங்க நிரந்தரமா ஒரு ஆள் வேணும்."