படகுக்கு அம்மை போட்ட விவரம்

மதிப்பிற்குரிய ஹார்லன் மாமாவுக்கு,

மருமகன் டெர்க் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் நலம். அத்தையின் முழங்கால் இப்போது படி ஏற விடுகிறதா என்று அறிய ஆவல். ஜானெலின் அடக்கத்துக்கு மறுநாள் சபைக்காரர்கள் கொண்டுவந்து குவித்த பதினேழு பாத்திரம் கேசரோல் சாப்பாட்டில் பதினான்கைத் தின்று தீர்த்துவிட்டேன், மீதி மூன்றும் ஃப்ரீசரில் இருக்கின்றன, அவற்றில் எது பன்றிக்கறி எது டூனா மீன் என்று தெரியாத அளவுக்கு உறைந்துவிட்டன என்பதைத் தவிர இந்த வாரம் விசேஷம் ஒன்றுமில்லை.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள், "படகு உனக்குப் பாரமா இருந்தா தயங்காம சொல்லுப்பா. சனிக்கிழமை ட்ரெய்லரோட வந்து எடுத்துட்டுப் போயிடறேன். மஸ்கீகன்ல ஒருத்தர் வாங்கத் தயாரா இருக்கார்" என்றீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படகை வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி கிடையாது. அதற்கான ஆதாரங்களைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

உங்கள் மகள் ஜானெலுக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த படகு கருநீலம். வெள்ளைப் படகில் தண்ணீர் காய்ந்தால் யாருக்கும் தெரியாது. கருநீலத்தில் காய்ந்தால் ஏரிக்கு எதிர்க்கரையில் இருப்பவருக்கும் தெரியும். ஜானெல் ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் படகைத் துறையிலிருக்கும் படகு லிஃப்டில் தண்ணீருக்கு மேலே தூக்கி நிறுத்தி, துடைத்து முடித்த பிறகுதான் சாப்பிடவே வருவாள். நான் பசியோடு கரையில் நின்றுகொண்டு, "நாளைக்கு மறுபடி தண்ணியிலதானே விடப்போற, இன்னைக்கு எதுக்குத் துடைக்கற?" என்பேன். "நாளைக்கு மறுபடி பசிக்கத்தானே போகுது, இன்னைக்கு எதுக்கு சாப்பிடற?" என்பாள். மார்ச் பத்தொன்பதாம் தேதி அவள் தலைக்குள் உடைந்த ரத்தக்குழாயின் வீக்கம் ஏழு மில்லிமீட்டர் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவர் வேறு என்னென்னவோ சொன்னார், எனக்கு அளவு மட்டும்தான் நினைவில் நிற்கிறது.

மே மாதம் பழக்கதோஷத்தில் படகை இறக்கினேன். இரண்டு தரம் ஓட்டினேன். துடைக்கவில்லை, மூடவும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் படகுக்கு அம்மை போட்டிருந்தது. முகப்பிலிருந்து பின்பக்கம் வரை வெள்ளை வெள்ளையாகப் புள்ளி, கடுகு அளவு. சரி, கழுவிவிடலாம் என்று இறங்கிய நாள், மாமா, நீங்கள் சபை மூப்பர் என்பதால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்கிறேன், ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இப்போதெல்லாம் கிழமை தெரிவதில்லை. ஆராதனை முடிந்து வந்த கார்கள் எங்கள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாக வேகத்தைக் குறைத்தன. போதகரின் மனைவி கார்க் கண்ணாடியை இறக்கி, கையில் பிரஷ்ஷோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டார். சாயங்காலம் வாசலில் பதினெட்டாவது கேசரோல் இருந்தது.

பக்கத்துத் துறையில் டுவெய்னும் அவர் மனைவி லொரெய்னும் தங்கள் படகில் நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தச் சபைக்கும் போகாதவர்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு அதுதான் அவர்களுக்கு ஆராதனை.

"தம்பி, வினிகர் ஊத்து. புள்ளி சொல்லாம கொள்ளாம ஓடிடும்" என்றார் டுவெய்ன்.

"அவர் பேச்சைக் கேக்காத. இவர் வினிகர் ஊத்தித்தான் எங்க காரே பெயிண்ட் போய் சொட்டையாச்சு" என்றாள் லொரெய்ன்.

"கார் சொட்டையானது நீ பனியைக் கரண்டியால சுரண்டினதால."

நான் டவுன் தண்ணீர் நிலையத்தில் ரசாயனப் பிரிவில் வேலை பார்ப்பவன். புள்ளி என்பது சுண்ணாம்பு, வினிகர் அமிலம், அமிலத்தில் சுண்ணாம்பு கரையும். இது எனக்குத் தெரியும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்க வேண்டும் என்பதும் தெரியும். கலக்காமல் நாலு பாட்டில் அப்படியே ஊற்றினேன். புள்ளி போனது. புள்ளியோடு ஜானெல் போன வருஷம் பூசியிருந்த மெழுகும் போனது. பிறகு, உச்சிவெயிலில், குழாயைத் திறந்துவிட்டு அலசினேன். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது கிணற்றுத் தண்ணீர். லிட்டருக்கு முந்நூற்று நாற்பது மில்லிகிராம் சுண்ணாம்புக் கடினத்தன்மை. அந்த எண்ணைக் கண்டுபிடித்து, தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தவனே நான்தான். வெயிலில் அது காயக் காய, என் கண் முன்னாலேயே படகு வெளுத்தது. முன்பு கடுகாக இருந்தது இப்போது சட்டைப் பொத்தான் அளவு. விட்டேனா? மறுபடி கழுவினேன். மறுபடி காய்ந்தது. மூன்று தரம், மாமா! மூன்றாம் தரம் முடிந்தபோது டுவெய்ன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நீலப் படகுக்கு வெள்ளையடிச்சவன இன்னைக்குத்தான் பாக்கறேன், தம்பி. பெயிண்ட் செலவே இல்ல."

அப்போதுதான் லொரெய்ன் கேட்டாள். "ஏன் டெர்க், அந்தத் தண்ணி எங்க?"

"எந்தத் தண்ணி?"

"ஜானெல் சனிக்கிழமை சனிக்கிழமை ஆரஞ்சு வாளியில தூக்கிட்டு வருவாளே. ஒரு தடவை இவர் அதுல கை கழுவப் போய், என்ன பாட்டு வாங்கினார் தெரியுமா? நீ அந்த வீட்டுலதான் இருந்தியா?"

பேஸ்மெண்ட்டுக்கு இறங்கினேன். ஈரம் உறிஞ்சும் மெஷின் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலிருக்கும் ஈரத்தைச் சொட்டுச் சொட்டாக அடித் தொட்டியில் இறக்கும், தொட்டி நிறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். மார்ச்சிலிருந்து விளக்கு எரியும்போதெல்லாம் தொட்டியை எடுத்துச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தவன் நான். பக்கத்து அலமாரியில் ஆரஞ்சு வாளி, கவிழ்த்து வைத்தபடி. வேலைப் பையிலிருந்து உப்பளவு காட்டும் மானியை எடுத்துத் தொட்டியில் விட்டேன். கரைந்த உப்பு: லிட்டருக்கு நான்கு மில்லிகிராம். மானி கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்து மறுபடி விட்டேன். நான்கு. கடையில் காசு கொடுத்து வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீரின் சுத்தத்துக்குச் சற்றே கீழ். காய்ந்தால் விட்டுப்போக அதில் ஒன்றுமே கிடையாது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்த பெண், மாமா. தண்ணீரில் பட்டம் வாங்கி, பட்டத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறவன் மாடியில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் கீழே இதைச் செய்துகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருப்பாள், நான்தான் பசியில் நின்றிருப்பேன்.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தண்ணி எங்கிருந்து வருது? வீட்டுக் காத்துலேருந்து. காத்துல எப்படி வந்தது? குளிக்கற ஆவி, கெட்டில் ஆவி, காயப்போட்ட துணி, அப்புறம் மூச்சு. ஒரு ஆள் ராத்திரி தூக்கத்துல மட்டும் கால் லிட்டர் தண்ணிய மூச்சா விடறான், இது பாடப்புத்தகத்துல இருக்கு, நானே பரீட்சையில எழுதியிருக்கேன். எட்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் விட்ட மூச்சை எடுத்து அவ படகு கழுவியிருக்கா, மாமா. மார்ச் மாசம் நான் சாக்கடையில கொட்டினேனே முதல் தொட்டி, அதுல அவளோடது எவ்வளவு இருந்திருக்கும்னு கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில நிறுத்திட்டேன்.

இருந்த தண்ணீரைக் கொண்டுபோய், முகப்பில் ஒரு முழம் இடத்தை மட்டும் நீர்த்த வினிகரால் துடைத்து, இந்தத் தண்ணீரால் அலசி, துடைக்காமல் விட்டேன். வேண்டுமென்றே வெயிலில் விட்டேன். நாங்கள் மூவரும் நின்று பார்த்தோம். காய்ந்தது. ஒரு புள்ளி இல்லை. அந்த ஒரு முழத்துக்குள் பைன் மரங்கள் அத்தனையும் நின்றன, ஊசி ஊசியாக எண்ணலாம் போல; மேகம் நகர்ந்தது; டுவெய்னின் தொப்பையும் பீரும் அப்படியே தெரிந்தன. நான் கோயிலில்கூட அப்படி வாயைத் திறந்துகொண்டு நின்றதில்லை. "ஐயோ, என் தொப்பை இவ்வளவு பெரிசா?" என்றார் டுவெய்ன். "தண்ணி சுத்தம், பொய் சொல்லாது" என்றாள் லொரெய்ன். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே, மேற்கண்ட விவரங்களால் நான் கவனக்குறைவானவன், கிழமை அறியாதவன், சொந்தக் கிணற்றையே மறந்த ரசாயனக்காரன் என்பது தெளிவாகும். அந்தப் படகை வைத்திருக்க வேறு மாதிரி ஆள் வேண்டும். மஸ்கீகன்காரர் நல்லவராக இருப்பார் என்று நம்புகிறேன். சனிக்கிழமை பத்து மணிக்குத் துறையில் காத்திருப்பேன். அத்தைக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இருவரையும், அத்தையின் அந்த முழங்காலையும் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
டெர்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பேஸ்மெண்ட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தொட்டி நிறைய இரண்டரை நாள் ஆகிறது. ஜானெல் இருந்தபோது, என் கணக்குப்படி, ஒன்றரை நாளில் நிறைந்திருக்கும். படகு முழுவதற்கும் எட்டுத் தொட்டி வேண்டும். நான் வலது பக்கம் முடிப்பதற்குள் இடது பக்கத்தில் மறுபடி புள்ளி வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது முடிகிற வேலையாகத் தெரியவில்லை. ட்ரெய்லர் வேண்டாம் மாமா, படகு இங்கயே இருக்கட்டும், அந்த மஸ்கீகன்காரருக்கு இல்லேன்னு சொல்லிடுங்க. நீங்களும் அத்தையும் மட்டும் வாங்க, வந்து நாலு நாள் தங்குங்க. வீட்டுல இன்னும் ரெண்டு பேர் மூச்சு விட்டா தொட்டி சீக்கிரம் ரொம்பும்.