கூட்டுப் பொறுப்பில் வளர்ந்த குட்டி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் ஒரு நாய்க்குட்டிக்குச் சோறு வைப்பது எப்படி என்பதை முறைப்படி கண்டுபிடித்தது என் மாமனார் வீட்டில்தான். அதற்கு முன் உலகம் இருந்த நிலையை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பசித்த குட்டியின் முன்னால் ஒரு தட்டை வைத்திருக்கிறார்கள், அது தின்றிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு கூட்டம் இல்லை, தீர்மானம் இல்லை, நினைவுக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை.

நான் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளை. ஆகவே இந்த மாபெரும் சாதனையை மிக அருகிலிருந்து, குறிப்பாகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகிலிருந்து, காணும் பேறு பெற்றவன்.

குட்டியைக் கொண்டுவந்தவள் என் மனைவி. பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கூட வேலை பார்ப்பவர் வீட்டில் பெரிய ஜாதி நாய் ஒன்று குட்டி போட, அதில் ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தாள். மண் நிறம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதங்கள். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று ஆராயும் 'பெயர்க் குழு' இன்னும் கூடிக்கொண்டே இருப்பதால், தற்காலிகமாகக் 'குட்டி' என்று அழைத்து வருகிறோம்.

வந்த அன்றே மாமியார் ஒரு தட்டில் பாலை ஊற்றப் போனார். மாமனார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"யாரும் எதுவும் வைக்காதீங்க. முதல்ல ஒரு முறை வேணும்."

மாமனார் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலை இப்போது இயங்கவில்லை. அதற்கும் அவருடைய முறைகளுக்கும் சம்பந்தம் இல்லை என்று அவரே விசாரித்து முடிவு செய்திருக்கிறார்.

சாப்பாட்டு மேசையில் முதல் கூட்டம் கூடியது. கடையில் விற்கும் நாய்த் தீனி எடுத்த எடுப்பிலேயே தள்ளுபடி ஆனது. "எவன் செஞ்சான், எப்ப செஞ்சான்னு தெரியாததை எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்க முடியாது" என்றார் மாமியார். வீட்டிலேயே 'சமச்சீர் உணவு' சமைப்பது என்று முடிவானது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, நான் பெண் எடுத்தது ஒரு குடும்பத்தில் அல்ல, ஒரு பல்கலைக்கழகத்தில்.

மைத்துனன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். "புரோட்டீன் தான்பா எல்லாம்" என்றான். மாமியார், சோறு குழைய வேண்டும், பூசணியும் கேரட்டும் மசிய வேண்டும் என்றார். மச்சினி நாய் வளர்ப்பு பற்றி இணையத்தில் வீடியோ போடுகிறவள். "மேல இருந்து பார்த்தா கிண்ணத்துல மூணு கலராவது தெரியணும்" என்றாள். கடைசியாக என் மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வளர்ற குட்டிக்கு வெறும் கறியும் சோறும் போதாது. கால்சியம் கண்டிப்பா சேர்க்கணும். இல்லன்னா எலும்பு வீணாப் போயிடும்."

மேசையைச் சுற்றிலும் தலைகள் ஆடின. இது தமக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அறிவித்தார்கள். மாமனார், "இதுதான் தலையாய விஷயம்" என்றார். மாமியார் அன்றே முட்டை ஓடுகளைக் கொதிக்க வைத்து, காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, துணியில் சலித்து, முகத்துக்குப் பூசும் பவுடர் போல ஒரு வெண்பொடியை உருவாக்கினார். அது கண்ணாடி ஜாடியில் ஏறி, சமையலறை ஜன்னலோரம் வெளிச்சம் நன்றாக விழும் அலமாரியில் அமர்ந்தது.

பிறகு வேலைப் பிரிவினை. கறி வாங்குவது மைத்துனன். சமைப்பது மாமியார். அளந்து எடுத்து வைப்பது மாமனார். காய்கறி நறுக்குவது என் மனைவி. படம் எடுப்பது மச்சினி. கிண்ணம் கழுவுவது நான்.

"பொடி போடறது யாரு மாமா?" என்று கேட்டேன்.

மாமனார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவர் காட்டும் கருணை அது.

"மாப்ள, நீங்க எங்க தொழிற்சாலையில ஒரு நாள் வேலை பார்த்திருந்தாக்கூட இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீங்க. சில்லறை வேலைக்குத்தான் ஆள் போடணும். முக்கியமான வேலையை ஒருத்தர் கையில குடுக்கவே கூடாது. அவருக்குக் காய்ச்சல் வந்தா? எங்கயாவது வெளியூர் போயிட்டா? அதனால பொடி எல்லாரோட பொறுப்பு. கூட்டுப் பொறுப்பு."

மேசையைத் தட்டி வரவேற்றார்கள். நானும் தலையாட்டினேன். வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தலை இருப்பதே அதற்காகத்தான்.

அதன்பின் எங்கள் வீட்டில் நடந்ததைப் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். வேளை வந்ததும் குக்கர் ஆவி அடங்கும். எலும்பில்லாக் கறி தராசில் ஏறும். மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு துண்டை எடுப்பார், வைப்பார், மறுபடி எடுப்பார். மச்சினி கிண்ணத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கேரட்டை இடது ஓரமாக நகர்த்தி, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுப்பாள். குட்டி அதுவரை வாயிலிருந்து எச்சில் நூலாய் வழிய உட்கார்ந்திருக்கும். நாய் படாத பாடு என்று சும்மாவா சொன்னார்கள். கடைசியில் கிண்ணம் தரையிறங்கும். அது நக்கித் தீர்க்கும் வேகத்தில் கிண்ணம் சமையலறை முழுக்கத் தவழ்ந்து என் காலில் வந்து முட்டும். நான் எடுத்துக் கழுவுவேன்.

பொடியின் புகழோ நாளொரு மேனியாக வளர்ந்தது. 'குட்டிக்குக் கால்சியம் போடாதவரா நீங்கள்?' என்று மச்சினி போட்ட வீடியோவைப் பார்த்துப் பலர் திருந்தினார்கள். மைத்துனன் பயிற்சிக் கூடத்தில் எடை தூக்க வருபவர்களை நிறுத்தி வைத்து அதைப் பற்றிப் பேசினான். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் மாமனார் 'எலும்பே அஸ்திவாரம்' என்ற தலைப்பில் உரையாற்றினார். என் மனைவி ஜாடியை வகுப்புக்கே எடுத்துப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, ஒரு சிட்டிகை சிந்தாமல் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். ஊர் கூடித் தேர் இழுத்தார்கள் என்றால் இதுதான். வடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்பது மரியாதை இல்லை.

குட்டி கொழுத்தது. கூடவே அதன் முன்னங்கால்கள் மெல்ல வெளிப்பக்கமாக வளைந்தன.

நான் சொன்னபோது மைத்துனன் சிரித்தான். "அது வளைவு இல்ல மச்சான். நெஞ்சு விரியுது. புரோட்டீன்." மாமியார், "சில குட்டிங்க அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்றார். மச்சினி மெதுவாக ஓடும் வீடியோ ஒன்று எடுத்து, அடியில் 'எங்கள் குட்டி ரவுடியின் நடை' என்று போட்டாள். அது பிரமாதமாக ஓடியது. குட்டிதான் ஓடவில்லை.

வேலை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், அது வழுக்கும் தரையில் சறுக்கிக்கொண்டு வந்து என் கால்மேல் விழும். அந்த வீட்டில் என் வருகையை ஒரு நிகழ்ச்சியாக மதித்த ஒரே ஜீவன் அதுதான். ஒரு நாள் சாயங்காலம் வந்தேன். அது தலையைத் தூக்கியது, எழுந்திருக்கப் பார்த்தது, முடியாமல் உட்கார்ந்துவிட்டது. வால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தூக்கப் போனேன்; வீறிட்டது.

"மாமா, உடனே டாக்டர்கிட்ட காட்டணும்."

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வைங்க மாப்ள. எடுத்துக்குவோம்."

அதற்குள் என் மனைவி கார் சாவியோடு வாசலில் நின்றாள். குட்டியின் உணவு முறையை மருத்துவரிடம் அடுத்தவர் சரியாக விளக்குவார் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லாததால், எல்லோரும் அதே காரில் ஏறிக்கொண்டார்கள்.

கால்நடை மருத்துவர், குரலை உயர்த்தாமல் பேசும் ஒரு அம்மாள். எக்ஸ்ரே படத்தை விளக்கின் முன் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன சாப்பாடு குடுக்கறீங்க?"

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விளக்கினார்கள். மச்சினி படங்களையும் காட்டினாள்.

"ரொம்ப அழகா இருக்கு. கால்சியம்?"

இதற்காகத்தான் காத்திருந்தார்கள். மாமனார் ஓர் அளவு சொன்னார். மைத்துனன் அதைத் திருத்தினான். மாமியார் இருவரையும் திருத்தினார். மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. இன்னைக்குக் காலையில போட்டது யாரு?"

மாமனார் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மகனைப் பார்த்தார். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கைக்குப் பார்க்க நான்தான் மிச்சம். நான் கிண்ணம் கழுவுகிறவன். கூட்டுப் பொறுப்பில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. நான் குட்டியைப் பார்த்தேன்.

"நேத்து யாரு போட்டீங்க?"

பார்வைகள் மறுபடியும் அதே வரிசையில் ஒரு சுற்று வந்தன.

"அந்த ஜாடியைக் கடைசியா எப்பத்தான் திறந்தீங்க?"

"வீடியோவுக்குத் திறந்தோம் டாக்டர்" என்றாள் மச்சினி.

மருத்துவர் படத்தைக் கீழே வைத்தார். "கறியும் சோறும் நல்லதுதான். ஆனா அதுல கால்சியம் கிடையாது. வெளியில இருந்து வரலன்னா, உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். இத்தனை நாளா உங்க குட்டி தன் எலும்பைத்தான் தின்னுட்டு இருந்திருக்கு."

"நடக்குமா?" என்று கேட்டேன்.

"இப்பவே ஆரம்பிச்சா நடக்கும். கால் முழுசா நேராகுமான்னு இப்ப சொல்ல முடியாது. குதிக்க விடாதீங்க, சின்ன இடத்துல படுக்க வைங்க. நான் சொல்ற அளவைத் தினமும் போடுங்க. கூடவும் போடாதீங்க. ஒரே ஆள் போடணும். ஒரே ஒரு ஆள்."

வீடு திரும்பியதும் அவசரக் கூட்டம். விசாரணை நியாயமாக நடந்தது என்பதற்கு நானே சாட்சி. மாமியார், மாமனார் போடுவார் என்று நினைத்திருந்தார். மாமனார், அளப்பவரே போட்டால் கண்காணிப்பது யார் என்று விட்டிருந்தார். மைத்துனன் சமைக்கும்போதே கலந்திருக்கும் என்று நம்பினான். மச்சினி படம் எடுத்த பிறகு யாராவது தூவுவார்கள் என்று இருந்தாள். முதலிலேயே தூவினால் நிறம் மங்கிவிடும் அல்லவா? ஒருவர் மீதும் தவறில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமானது.

மாமனார் முடிவை அறிவித்தார். "முறையில தப்பு இல்ல. வந்த உருப்படியில கோளாறு. கோளாறான உருப்படியைத் திருப்பி அனுப்பிட்டு வேற எடுக்கறதுதான் தரக்கட்டுப்பாடு."

"இன்னும் நல்ல ஸ்ட்ராங்கான ஜாதியா பார்க்கலாம்பா" என்றான் மைத்துனன்.

"வெள்ளைக் குட்டியா எடுத்தா பூசணி எடுப்பா தெரியும்" என்றாள் மச்சினி.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா அது அழறதைக் கேட்க முடியலையே" என்றார் மாமியார்.

மேசைக்கு அடியில் துண்டின் மேல் படுத்திருந்த குட்டி, தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு வாலை ஆட்டியது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"நான் போடலப்பா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"எலும்புப் பாடம் நடத்தறவ நான். கொண்டு வந்தவ நான். ஜாடியைக் கையில தூக்கிட்டுப் போயிட்டு வந்தவளும் நான். ஒரு நாள்கூடப் போடல. அது என் தப்பு."

அந்த வீட்டின் வரலாற்றில் யாரும் கேட்டிராத வாக்கியம் அது. மாமனார் பதறிவிட்டார்.

"உன்னை இப்ப யாரு என்ன சொன்னா? கூட்டுப் பொறுப்புன்னு வச்சப்புறம் நீ மட்டும் தனியாத் தப்பை எடுத்துக்கிட்டா, மத்தவங்களை என்னன்னு நினைப்பாங்க? வாபஸ் வாங்கு."

"வாங்க மாட்டேன். குட்டியையும் திருப்பி அனுப்ப மாட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்க ஆபீஸ் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்குன்னீங்களே?"

"இருக்கு" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நான் யாரையும் கேட்காமல் சொன்ன முதல் பதில் அதுதான்.

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு அறையில் அடுத்த கூட்டம் தொடங்கியிருந்தது. கதவு வழியாக எல்லாம் கேட்டது.

"பெத்த பொண்ணை இப்படிப் போக விடறதாங்க? யாராவது போய்த் தடுங்க" என்றார் மாமியார். குரல் உடைந்திருந்தது; அது நடிப்பு இல்லை.

"கண்டிப்பா தடுக்கணும்மா" என்றான் மைத்துனன்.

"அக்கா இல்லாம எப்படி இருக்கறது?" என்றாள் மச்சினி.

"அப்ப ஒருமனதாத்தானே?" என்றார் மாமனார்.

"ஒருமனதாத்தான்."

குட்டியை ஒரு தட்டைக் கூடையில் அசங்காமல் வைத்துத் தூக்கிக்கொண்டேன். ஜாடியை மனைவி எடுத்துக்கொண்டாள். வாசலில் நான் செருப்பு மாட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அவள் கையிலேயே இருந்த சாவியைப் பைக்குள் தேடினாள். பிறகு காரில் ஏறினோம். அவள் வண்டியைக் கிளப்பாமல் வீட்டு வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு எரிந்தது, கதவு திறந்திருந்தது, ஒருவரும் வரவில்லை.

தெரு முனை திரும்பும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாராவது ஒருத்தர் வருவாங்கன்னு நினைச்சேங்க."

"அவங்களும் அப்படித்தான் நினைச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க" என்றேன்.