அக்காவின் இன்டர்வியூவும் என் பூஸ்ட் கன்வர்ட்டரும்

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவன் தன் வீட்டில் ஒருபோதும் சொல்லக்கூடாத வாக்கியம், "நான் பாத்துக்கறேன்." நான் சொல்லித் தொலைத்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அன்று காலை கரண்ட் போனது. பதினோரு மணிக்கு அக்காவுக்கு ஆன்லைன் இன்டர்வியூ. குழந்தை பிறந்து வேலையை விட்டவளுக்கு மூன்று வருடம் கழித்து வந்த முதல் அழைப்பு. லேப்டாப் பேட்டரியோ செத்துப்போனது. வயரைப் பிடுங்கினால் திரை கறுத்துவிடும்.

அக்காவின் கணவர், என் மச்சானின் ஆட்டோ சந்துமுனையில் நின்றது. அதன் பேட்டரி பன்னிரண்டு வோல்ட், லேப்டாப்புக்கு வேண்டியது பத்தொன்பது. வோல்ட்டைக் கூட்டித் தரும் பூஸ்ட் கன்வர்ட்டர் ஒன்றை நானே செய்து வைத்திருந்தேன். (டெஸ்ட் செய்தது ஒரு சின்ன பல்பை வைத்து.) ஆட்டோவிலிருந்து மாடிவரை காலிங்பெல் வயரை இழுத்தேன். லேப்டாப் உயிர் பெற்றது. அம்மா எனக்கு சாயா கொடுத்தாள்.

சாயா ஆறுவதற்குள் கருகல் வாடை. கன்வர்ட்டரைத் தொட்டேன், விரல் கொப்பளித்தது.

"எந்தாடா மணம்?" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா, புதுசுல்ல, அப்படித்தான் இருக்கும்."

மணி பத்து நாற்பது. கன்வர்ட்டருக்குள் இருந்த கம்பிச்சுருளை மாற்றினேன். மறுபடியும் கொதித்தது. வயரின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். ஆட்டோவில் பன்னிரண்டு வோல்ட், மாடியில் ஒன்பதுதான். மீதியை அந்த மெல்லிய வயர் தின்றுகொண்டிருந்தது. உள்ளே வரும் வோல்ட் குறையக் குறைய, கன்வர்ட்டர் கரண்டை அதிகமாக இழுத்து வெந்துகொண்டிருந்தது. வயரைக் குட்டையாக்கினால் சரியாகும். அதற்கு லேப்டாப் ஆட்டோவிடம் போகவேண்டும்.

"அக்கா, கீழே வர்றியா?"

அவள் பார்த்த பார்வையில் இன்னொரு விரலும் கொப்பளித்திருக்கும்.

பதினோரு மணிக்கு ஆட்டோவின் பின்சீட்டில், பட்டுச்சேலையில், மடியில் லேப்டாப்போடு அக்கா. சூடு குறைந்திருந்தது, ஆனால் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரால் கன்வர்ட்டருக்கு விசிறினேன். அது அணைந்தால் இந்த ஊரில் எனக்கு இடமில்லை என்ற பயத்தில், வேகமாக விசிறினேன். கேமராவில் என் பாதி முகம் வந்து வந்து போனதாம்.

"பக்கத்தில் யார்?" என்று இன்டர்வியூ செய்தவர் கேட்டார்.

அக்கா கண் இமைக்கவில்லை. "ஆட்டோ டிரைவர், சார்."

நிஜ டிரைவரான மச்சான் வெளியே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. போன மாதம் எனக்காகப் பெண் பார்க்கப் போயிருந்தோம். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணைப் பெற்ற அத்தா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டார் அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "ஆட்டோ டிரைவர்!"