சூன்-சிம் அக்காவின் பச்சை பாட்டில்

கோடை பீரின் முதல் வாயை உறிஞ்சிவிட்டு, மாதர் சங்கத் தலைவி பே சூன்-சிம் கண்களை மூடிக்கொண்டார். கல்லாவுக்குப் பின்னால் நின்ற கடைக்காரன் கி-தே மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"ம்... வாசனையா இருக்கு தம்பி. முலாம்பழம் அப்படியே மணக்குது."

கி-தேயின் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் வாடியும் போனது. சூன்-சிம் கைப்பைக்குள் கையை விட்டு ஒரு பச்சை பாட்டிலை எடுத்தார். மூடியை ஒரு விரலால் சுழற்றிக் கழற்றினார். கோப்பையில் மளமளவென்று ஊற்றினார். கூட வந்த பெண்களும் ஆளுக்கொரு கோப்பையை அவர் பக்கம் நீட்டினார்கள்.

சோஜூ!

பீரில் சோஜூவைக் கலப்பது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றுமில்லை. கல்யாணமோ கருமாதியோ கம்பெனி விருந்தோ, இங்கே முதலில் திறப்பது அந்தப் பச்சை பாட்டில் சாராயத்தைத்தான். ஆனால் இது கி-தேயின் பீர். சியோலில் பார்த்த வேலையை உதறிவிட்டு சொங்ஜுவுக்கு வந்து, இந்த ஊர் மஞ்சள் முலாம்பழத்தைப் போட்டுக் கோடைக்கென்றே அவன் காய்ச்சியது. அதில் போய்ச் சாராயத்தைக் கொட்டுவது, பாயசத்தில் புளியைக் கரைத்த மாதிரி அவனுக்கு இருந்தது.

"ஏன் ஊத்துறாங்க?" என்று ராத்திரி மனைவி யூன்-ஹ்வாவிடம் கேட்டான்.

"அவங்களையே கேக்க வேண்டியதுதானே?"

"தலைவியம்மாகிட்டப் போய், 'ஏன் கலக்குறீங்க'ன்னு கேக்கச் சொல்றியா? மரியாதையா இருக்குமா?"

"அதுவும் சரிதான். ஆனா ஞாபகம் வச்சுக்குங்க. நெடுஞ்சாலைல சங்கம் நடத்துற கடைல இந்தக் கோடைக்கு எந்த பீரை வைக்கிறதுன்னு மாதர் சங்கம்தான் முடிவு பண்ணும். உச்சி வெயில் தொடங்குற சோபோக் நாள் விருந்து அன்னிக்கு அறிவிப்பாங்க. உங்களுது இல்லேன்னா மூட்டையைக் கட்டுங்க. எங்கண்ணன் கடைல குளியலறை டைல்ஸ் விக்கலாம்."

கி-தேவுக்கு மச்சானையும் பிடிக்காது, டைல்ஸையும் பிடிக்காது.

இன்னொரு விஷயம் அவனைக் குடைந்தது. இவ்வளவு சோஜூவைக் கலந்து குடித்துவிட்டு அந்தப் பெண்கள் தள்ளாடுவதே இல்லை. நேராக எழுந்து, நேராக நடந்து, கொதிக்கிற பிளாஸ்டிக் குடிலுக்குள் புகுந்து பழம் பறிக்கப் போய்விடுவார்கள். இவர்களுக்கு இருப்பது கல்லீரலா, கருங்கல்லா? பக்கத்தில் போய் மோந்து பார்த்திருக்கலாம். ஆனால் சோஜூ வாடை என்றாலே அவனுக்குக் குமட்டும். உள்ளூர ஒரு கர்வமும்தான்.

முதலில் ஒரு பலகை மாட்டினான். 'வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவரக் கூடாது.'

பலகை மாட்டியதும் கடையில் ஈ காக்கை இல்லை. வந்தது ஒரே ஒருவர், சூன்-சிம்மின் கணவர் தால்-சூ. ரத்தக்கொதிப்புக்காரர், குடிப்பதில்லை. மனைவியை வண்டியில் கூட்டிப்போக வந்து, பார்லித் தண்ணீரோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்பவர். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வெயில்ல எழுத்து சீக்கிரம் வெளுத்துடும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலமே பலகை இறங்கியது. மறுநாள் பெண்களும் வந்தார்கள், பச்சை பாட்டிலும் வந்தது.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. காட்டம் பத்தலை, அதான் ஊத்திக்கிறாங்க. நாமளே காட்டமாப் போட்டுட்டா எதுக்கு ஊத்தப் போறாங்க?" என்றான் கி-தே.

அடுத்த முறை முளைகட்டிய பார்லியை அள்ளிப் போட்டுக் காய்ச்சினான். சூன்-சிம் ஒரு வாய் குடித்தார். புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின.

"அடேயப்பா! நல்லா... நல்லா உழைச்சிருக்கே தம்பி."

சொல்லிக்கொண்டே முன்பைவிட இரண்டு பங்கு ஊற்றினார்.

கி-தே விடுவானா? அதற்கடுத்த பீரில் காட்டத்தோடு கசப்பையும் ஏற்றினான். ஊற்றுவதற்கு இடமே இருக்கக் கூடாது என்று கோப்பையை விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தான். பெண்கள் குருவி மாதிரி ஒரு சொட்டு உறிஞ்சினார்கள், முகத்தைச் சுளித்தார்கள், சிரித்தார்கள், அந்த ஒரு சொட்டு இடத்தில் ஊற்றினார்கள். மறுபடி உறிஞ்சினார்கள், மறுபடி ஊற்றினார்கள். முன்பெல்லாம் எல்லோருக்கும் சேர்த்து ஒரு பாட்டில். இப்போது தலைக்கு ஒரு பாட்டில்.

"இன்னும் பத்தலை போலிருக்கு" என்றான் கி-தே கவலையோடு.

யூன்-ஹ்வா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, இது பீரா, பெயின்ட் சுரண்டுற மருந்தா?"

"நீ சியோல்காரி. உனக்கு இவங்க வயித்தைப் பத்தி என்ன தெரியும்?"

சோபோக்கும் வந்தது. ஊர்க் கூடத்தில் மின்விசிறிகள் சுழல, ஜின்செங் வேர் போட்ட கோழிச்சாறு சட்டி சட்டியாகக் கொதித்தது. கி-தே ராத்திரியெல்லாம் தூங்காமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தான். ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதான். தன் பீரிலேயே மகா காட்டமானதை எடுத்துக்கொண்டான். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பெட்டி சோஜூவையும் வாங்கி வந்தான்.

பெண்கள் கைப்பையைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, புது பாட்டில் ஒன்றை எடுத்து மூடியைத் திருகினான். 'டக்' என்று சீல் உடைந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, இதெல்லாம் எதுக்கு? எங்ககிட்டயே இருக்கே..."

"இத்தனை நாளா நீங்களே ஊத்திக்கிட்டீங்க, தலைவியம்மா. இன்னிக்கு என் கையால ஊத்துறேன்."

பாதி பீர், பாதி சோஜூ. குனிந்து, இரண்டு கையாலும் ஊற்றினான். இரண்டு கையால் ஊற்றியதை வேண்டாம் என்று தள்ளுவது அந்த ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். சூன்-சிம் கோப்பையைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். தலைவி குடித்தால் சங்கமே குடித்த மாதிரிதான். கி-தே மனம் குளிர்ந்து இரண்டாவது சுற்றும் ஊற்றினான்.

கோழிச்சாறு ஆறுவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. சங்கத்தின் பொருளாளர் மின்விசிறிக்கு முன்னால் நின்று அதற்குக் காதல் பாட்டுப் பாடினார். இன்னொரு அம்மாள் சட்டியில் கிடந்த கோழியிடம் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சூன்-சிம் நாற்காலி மேல் ஏறினார்.

"இந்தக் கோடைக்கு... நம்ம சங்கம்... எல்லாரும் கூடிப் பேசி... தேர்ந்தெடுத்த பீர்..."

கூடம் அடங்கியது. யூன்-ஹ்வா கி-தேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். டைல்ஸ் கடை அவன் கண்முன் பளபளத்தது.

சூன்-சிம் நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்து, ஒரு முலாம்பழத்தைத் தலையணையாக வைத்துக்கொண்டு குறட்டை விட்டார்.

கி-தேவுக்குத் தலை சுற்றியது. "பாட்டில் பாட்டிலாக் கலந்து குடிச்சவங்களாச்சே! ரெண்டே ரெண்டு கோப்பைக்கா இப்படி?"

மூலையில் இருந்த தால்-சூ பெருமூச்சோடு எழுந்து வந்தார். மனைவியின் கைப்பையிலிருந்து பச்சை பாட்டிலை எடுத்துத் திறந்தார். கைக்குட்டையை அதில் நனைத்து சூன்-சிம்மின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ரத்தக்கொதிப்பு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அதே பாட்டிலை அண்ணாந்து கவிழ்த்தார்.

"ஐயோ பெரியப்பா! மாத்திரையோட சோஜூவா!" என்று பாய்ந்து கையைப் பிடித்தான் கி-தே.

தால்-சூ நிதானமாக விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உன் பீர்தான்னு இவங்க நேத்தே முடிவு பண்ணிட்டாங்க தம்பி, பயப்படாதே. ஆனா ஆரம்பத்துல இருந்தே அது காட்டம்; நேரா தண்ணி கலந்தா உன் மனசு நோகுமேன்னு, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் தண்ணியத்தான் இவ தினமும் இந்தக் காலி சோஜூ பாட்டில்ல புடிச்சுக்கிட்டு வந்தா."