அப்பா அழுவார் என்பதற்குச் சாட்சி

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. அடுத்த வரியிலேயே அதை மறுக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை என்று கோபித்திருப்பீர்கள். வீட்டிலுள்ள போன்களையெல்லாம் அம்மா அணைத்துப் பெரிய குக்கருக்குள் போட்டு மூடி, பரண்மேல் ஏற்றிவிட்டார். அதனால்தான் கடிதம்.

அப்பாவுக்கு வேலை போய்விட்டது அத்தை.

அப்பா அமரர் ஊர்தி ஓட்டுவதும், அதில் ஏற்றப்படும் எவருக்காகவும் அழுதுவிடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டி ஷெட்டில் அவருக்கு, தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் போல ‘ஓஸ்பைப்’ என்று பெயர். சொந்தக்காரர்கள் அழலாம், டிரைவர் அழக்கூடாது, கண் மறைத்தால் வண்டி எந்தக் கம்பத்தில் போய் நிற்கும் என்று மேனேஜர் பலமுறை கண்டித்திருக்கிறார். அதனால் அப்பா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். முகநூலில் ஷெட்டுக்காரர்கள் மட்டும் பார்க்கிற குழு ஒன்று உண்டு. சவாரிக்கு முந்தின நாள் அதில், ‘நாளைக்கு இவருக்கு நான் அழமாட்டேன்’ என்று எழுதிவிடுவார். எழுதிவிட்டால் ரோஷம் வருமாம். உடனே மெக்கானிக் மாமா ‘ஒரு டீ பந்தயம்’ என்று கீழே போடுவார். அவர் தன் காசில் டீ குடித்ததாக எனக்கு நினைவில்லை. போன மாதம் அந்தக் கட்சித் தலைவரின் பேச்சைக் கேட்டுக் கிளம்பிய கூட்டம் ஒரு துணிக்கடையை எரித்ததே, அதில் இறந்த தையல்காரரை அப்பாதான் கொண்டுபோனார். அப்பா அழுத அழுகையைப் பார்த்து இறந்தவரின் மனைவியே எழுந்து வந்து, “நீங்க மொதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணா” என்று சொம்பை நீட்டினாராம்.

இப்போது அந்தத் தலைவரையே மேடையில் யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். இறுதி ஊர்வலத்துக்கு அப்பாவின் வண்டியைத்தான் கேட்டார்கள். வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, அப்பா வழக்கம்போல ‘நாளைக்கு இவருக்கு நான் அழமாட்டேன். சத்தியம்’ என்று எழுதினார். ஆனால் குழுவில் எழுதவில்லை, ஊரே பார்க்கும் தன் சொந்தப் பக்கத்தில் எழுதிவிட்டார். எங்கே எழுதியிருக்கிறது என்று கவனிக்காத மெக்கானிக் மாமா, சத்தியம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்து, ‘டீயோட பன்னும் சேத்துக்கலாம்’ என்று கீழே போட்டார். விடிவதற்குள், தலைவர் சாவை டீயும் பன்னும் வைத்துக் கொண்டாடும் டிரைவர் என்று அப்பாவின் படம் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. வண்டிமுன் நின்று சிரிக்கிற படம். எடுத்தது நான்தான். அப்பாவுக்குச் சிரிப்பு நன்றாக இருக்கும்.

ஷெட் வாசலில் கூட்டம் கூடி, வண்டிக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். “சார், உங்களுக்குத் தெரியாததா?” என்று அப்பா கேட்டதற்கு மேனேஜர் தலைகுனிந்துகொண்டே, “எனக்குத் தெரியும்யா. கல்லோட நிக்கிறவனுக்கு யாரு போய்ப் பாடம் எடுக்கிறது? சாவியைக் குடு” என்றாராம். மெக்கானிக் மாமாவையும் அனுப்பிவிட்டார்கள். பன்னுக்காக வேலை இழந்தவன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் அம்மா கொடுத்த டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். பள்ளியில் என் பக்கத்துத் தோழி பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்காருகிறாள். கேட்டால், வெளிச்சத்துக்காக என்கிறாள்.

அப்பா தினமும் குளியலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு வெகுநேரம் இருக்கிறார். நான் கதவைத் தட்டப் போனால், “அழட்டும், விடு. தண்ணி பில்லுதானே ஏறும்” என்று அம்மா தடுத்துவிடுகிறார்.

தலைவரின் ஆட்கள் சமாதானமானால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். ஆகவே நீங்கள் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு சாட்சிக் கடிதம் எழுத வேண்டும். சிறுவயதில் உங்கள் முழங்கால் சிராய்த்தபோது நீங்கள் சும்மா இருக்க, உங்கள் அண்ணன் அழுதாரே, அதிலிருந்து தொடங்கலாம். எல்லோருக்கும் அழுகிறவர், இப்போது உங்கள் தலைவருக்காகவும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார் என்று முடிக்கலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆசி தேவைப்படும்,

உங்கள் அண்ணன் மகள்.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பன் வரும்போது சிரித்தார். முடித்ததும், “அந்தச் சாட்சிப் பத்தியை அடிச்சிரும்மா. அத்தையைப் பொய் சொல்ல வைக்காதே” என்றார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தினமும் அழ முயற்சிதான் செய்கிறாராம். தலைவருக்கு என் வயதில் ஒரு மகள் இருக்கிறாளாம், அவளை நினைத்துக்கூடப் பார்த்தாராம். “எல்லாருக்கும் வந்துச்சு. இவருக்கு மட்டும் வரமாட்டேங்குது. தண்ணி நீட்டுன அந்தம்மா கைதான் முன்னாடி வந்து நிக்குது. வேலை போனதைவிட இதுதாம்மா பயமா இருக்கு.”

பக்கம் அசிங்கமாகிவிடும் என்பதால் நான் எதையும் அடிக்கவில்லை. படிக்காததுபோல வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி வேண்டாம் அத்தை. ஒருமுறை நேரில் வாருங்கள். உங்கள் முழங்காலைப் பார்த்தாலாவது அப்பாவுக்கு அழுகை வருகிறதா என்று பார்க்கலாம்.